கிணற்றுப் பாறைக்கு வெடிவைத்தல்: உயிர்காக்கும் திரியும் கமக்காரர் கவனிக்க வேண்டியனவும்



தெரணியகலைப் பகுதியில் மழை மிகுதியாயினும், மழை குறையும் தை, மாசி மாதங்களில் மரக்கறிப் பாத்திகளுக்கும் நாற்றுமேடைகளுக்கும் கிணற்று நீரே துணையாகின்றது. கிணறு வெட்டும்போது சில அடி ஆழத்திலேயே வன்பாறை எதிர்ப்படுவதுண்டு. அலவாங்கும் சம்மட்டியும் பயன்படாதவிடத்து வெடிவைக்கப் பலரும் எண்ணுவர். இவ்வேலையில் உயிரிழப்பைக் குறைக்க முன்னோர் கண்ட சாதனங்களை அறிந்திருத்தல், உங்கள் கிணற்றில் இறங்கும் வேலையாட்களைக் காக்க உதவும்.

பழைய முறை

முற்காலத்தில் பாறைத் துளையில் கருமருந்தை இட்டு, அதனுள் ஓர் இரும்பு ஊசியை நிறுத்தி, சுற்றிலும் மண்ணை இறுக்குவர். பின்பு ஊசியை உருவி, அவ்வழியில் மருந்து நிரப்பிய வைக்கோல் தண்டையோ இறகுக் குழலையோ செருகித் தீயிடுவர். இரும்பு கல்லில் உரசிப் பொறி பறந்தால் அப்பொழுதே வெடிக்கும். தண்டு ஒருமுறை விரைந்தும் மறுமுறை மெதுவாகவும் எரியும். வெடிக்கவில்லையென எண்ணித் திரும்பி வந்து பார்த்தவர் பலர் மாண்டனர்.

பிக்போர்டின் திரி

இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் இவ்விபத்துக்கள் மலிந்திருந்தன. அங்கு வாழ்ந்த வில்லியம் பிக்போர்டு என்பவர் சுரங்கத் தொழிலாளியல்லர், தோல் வணிகர். கயிறு திரிக்கும் நண்பரின் தொழிற்கூடத்தில் நூல்கள் முறுக்கேறுவதைக் கண்ட அவர், முறுக்கின் நடுவே மருந்து ஒழுகி நிரம்புமாறு ஒரு திரியை அமைத்தார். ஈரம் புகாதிருக்க அதன்மேல் தார் பூசினார். 1831இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இத்திரி ஓரடி எரிய ஏறக்குறைய 30 விநாடி எடுக்கும். ஆறடித் திரி மூன்று நிமிட அவகாசம் தரும். ஓட எவ்வளவு நேரமுண்டு என்பதை மனிதன் முன்கூட்டியே கணக்கிட இத்திரியே வழிசெய்தது.

நோபலின் டைனமைற்று

கருமருந்திலும் வலிய நைத்திரோகிளிசரின் என்னும் திரவம் சிறு அதிர்ச்சிக்கும் வெடிக்கக்கூடியது. 1864இல் சுவீடனில் நேர்ந்த வெடிப்பொன்றில் அல்பிரட் நோபலின் தம்பி எமில் உயிரிழந்தார். அத்திரவத்தை நுண்துளைகளுள்ள ஒருவகை மண்ணில் ஊறவைத்து, 1867இல் நோபல் டைனமைற்றுக்குக் காப்புரிமை பெற்றார். இது எளிதில் வெடிக்காது. டெற்றனேற்றர் எனும் சிறு வெடிமூட்டி கொண்டே வெடிப்பிக்கப்படும். எனினும் பழையதாகித் திரவம் கசிந்த டைனமைற்று மீண்டும் பேராபத்தானதே.

நீங்கள் கவனிக்க வேண்டியன

நமது கேகாலை மாவட்டத்துப் போகலைக் காரீயச் சுரங்கத்திலும் பாறையைத் துளைத்து வெடிவைத்தே காரீயம் எடுக்கின்றனர். அது பயின்றவர் செய்யும் வேலை. எனவே நீங்களே வெடிவைக்க முற்படாதீர்கள். 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவரையே அமர்த்துங்கள். அவர் வேலை செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. மண்ணை இறுக்கும் கோல் மரத்தாலானதாக இருத்தல் வேண்டும். இரும்புக் கோல் ஆகாது.

2. திரியில் ஓரடி வெட்டி, மேலே எரித்து நேரம் பார்த்தல் வேண்டும். கிணற்றிலிருந்து ஏறி மறைவிடஞ் சேரப் போதிய நேரம் தராத திரி குறுகியது.

3. இடி முழங்கினால் வேலையை நிறுத்தி யாவரும் விலக வேண்டும். மின்னல் வெடிமூட்டியை வெடிக்கச் செய்யலாம்.

4. வெடி தவறினால் அரைமணி நேரத்திற்குக் குறையாது எவரும் கிணற்றை அணுகலாகாது. நனைந்த திரி உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். பின்பும் அத்துளையைத் தோண்டவோ திரியை இழுக்கவோ கூடாது. அனுமதி பெற்றவரே அதனைத் தீர்க்க வேண்டும்.

5. வெடித்தபின் நச்சுப்புகை கிணற்றடியில் தங்கும். காற்றூதி கொண்டு அதனை நன்கு வெளியேற்றிய பின்னரே இறங்குதல் வேண்டும். விளக்கு எரிவதைக் கண்டு நச்சுவாயு இல்லையெனத் துணியலாகாது.

கிணறு ஒரு நாள் தாமதமாக முடிந்தாலும் பயிர் பிழைக்கும். அவசரத்தால் போன உயிர் மீளாது. ஆதலால் திரி தரும் அவகாசத்தையும் வெடி தவறியபின் காக்க வேண்டிய நேரத்தையும் ஒருபோதும் குறைக்காதீர்கள்.