ஊட்டி குளிரும் ஒரு சட்டி கரியும்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜனவரி ராத்திரியில புல்தரை மேல உறைபனி படியும். அங்கே ட்ரிப் போற நம்ம பசங்க சிலர், பார்பிக்யூ முடிஞ்சதும் மிச்சக் கரியைச் சட்டியோட ரூமுக்குள்ள வெச்சு, கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துடுறாங்க.

புகையே இல்லையேன்னு ஒரு தைரியம். ஆனா கனல்ற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். மூச்சு வழக்கம்போல ஓடும், உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், அசதி வரும். பயணக் களைப்புன்னு நினைச்சுத் தூங்கினா, எழுந்திருப்போம்னு உத்தரவாதம் இல்லை. கரி வெச்ச ரூம்ல யாருக்காவது தலை சுத்தினா உடனே எல்லாரையும் வெளியே கொண்டு வாங்க, அப்புறம் 108-க்கு போன் பண்ணுங்க.

சரி, குளிருக்கு என்ன பண்றது? நெருப்பு எதுவும் இல்லாத ரூம்னா, கதவுக்கு அடியில இருக்கிற இடுக்கைத் துண்டு வெச்சு அடைங்க. சாயங்காலமே திரைச்சீலையை இழுத்து விடுங்க, கண்ணாடி வழியா வெப்பம் சுலபமா வெளியே போயிடும். ரெண்டு மெல்லிய கம்பளியைச் சேர்த்துப் போர்த்தினா, நடுவுல சிக்குற காற்றும் குளிரைத் தடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளே சுமார் 100 வாட் வெப்பம் தருவார். நாலு பேர்னா 400 வாட், அதுவும் இலவசமா!

ஹீட்டர் கிடைச்சா நல்லது. ஆனா 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போன் சார்ஜர் சொருகுற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் பாயிண்ட்லயே போடுங்க.