காலடி மண்ணே சுவராகும்



ஒரே ஒரு பெட்டியோடு இரயில் ஏறி அந்நிய நகரத்துக்கு வந்தவர்கள் உங்களில் அநேகர். பதினைந்து இருபது ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலம் தள்ளி, சீட்டுப் பணமும் வங்கிக் கடனும் மனைவியின் நகையும் சேர்ந்த பின்னரே, முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு வீடு எழும்புகிறது. ஆனால் குடியேறிய முதல் சித்திரையிலேயே மாடி அறையில் உறங்க முடியவில்லை. மின்கட்டணம் ஏறுகிறது, ஆழ்துளைக் கிணறு வற்றுகிறது, தண்ணீர் லாரிக்கு வாசலில் காத்திருக்கிறோம். கட்டி முடித்தும் செலவு முடியவில்லையே, ஏன்?

கட்டும்போது நாம் கேட்கத் தவறிய கேள்விகளே இதற்குக் காரணம். அக்கேள்விகளைக் கேட்டுப் பழகிய ஒரு சிறிய கட்டடக்கலை நிலையம் பெங்களூரில் உண்டு. கட்டடக்கலைஞர் சித்ரா விஸ்வநாத் அதைத் தொடங்கினார். மழைநீர்ப் பணியில் ஈடுபட்டிருந்த அவருடைய கணவர் விஸ்வநாத்தின் முயற்சியும் அதனோடு இணைந்து, 2008-இல் 'பயோம்' என்ற பெயர் பெற்றது.

அவர்கள் முதலில் பார்ப்பது மனையின் மண்ணை. அடித்தளத்துக்காகத் தோண்டிய மண்ணை நாம் லாரிக்குப் பணம் கொடுத்து அப்புறப்படுத்துகிறோம். பின்பு தூரத்துச் சூளையிலிருந்து செங்கல்லை விலைக்கு வாங்குகிறோம். அவர்களோ அந்த மண்ணைச் சலித்து, தேவையான மணலும் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்டும் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். மூன்று வாரங்கள் நனைத்து ஆறவைத்தால் சுவர் எழுப்பலாம். சூளை நெருப்பு வேண்டாம். லாரிச் செலவும் குறையும். பல இடங்களில் மேற்பூச்சும் தேவைப்படாது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்திரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு நெடுங்காலம் ஆராய்ந்து வளர்த்த முறை இது. சித்ராவின் சொந்த வீடே இவ்விதமாய் மண்ணால் கட்டப்பட்டதுதான்.

எல்லா மண்ணும் இதற்கு உதவாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இலைமக்கு நிறைந்த மேல்மண் ஆகாது. களி மிகுந்த கரிசல் வெடிக்கும். மண்ணைச் சோதித்து, அடிப்பீடத்தை உயர்த்தி, சாரல் படாதபடி கூரையை வெளியே நீட்டியே கட்டவேண்டும். தேர்ந்த மேஸ்திரி இல்லாவிட்டால் கூலியில் மிச்சமும் இராது.

அடுத்தது வெளிச்சமும் காற்றும். மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும். ஆகவே அப்பக்கம் பெரிய சன்னல் வைக்காமல், படிக்கட்டையோ குளியலறையையோ வைப்பது நலம். எதிரெதிர்ச் சன்னல்கள் காற்றுக்கு வழிவிடும். கூரையின் உச்சியில் திறப்பிருந்தால் சூடான காற்று மேலேறி வெளியேறும். பகலில் விளக்கு எரியாத வீடு மாதந்தோறும் பணத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது தண்ணீர். பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வருகிறது. நாம் குழாயைத் திறக்கும்போது மின்சாரத்தையும் செலவழிக்கிறோம். அந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவது ஏறக்குறைய 90,000 லிட்டர். வீணாவது போக 72,000 லிட்டர் சேர்ந்தாலும், 6,000 லிட்டர் லாரிகள் பன்னிரண்டுக்குச் சமம்! தொட்டி நிரம்பியபின் மிஞ்சும் நீரை, மூன்றடி அகலமும் இருபதடி ஆழமுமான உறைகிணற்றில் விட்டு நிலத்துக்குள் இறக்கலாம். பரம்பரையாய்க் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தாருக்கு 'பயோம்' இப்பணியை மீண்டும் தேடிக் கொடுத்தது. 1,200 சதுர அடி முதலான மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அந்நகரில் 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் 2024 கோடையில் அதே நகரம் தண்ணீருக்குத் தவித்ததை நாம் மறக்கவில்லை. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு வீடு குழாய் இறங்கவேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டோமே என்று கலங்கவேண்டாம். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள்; வெயில் படும் சன்னலுக்கு வெளியே நிழல்தட்டி கட்டுங்கள்; மாடி நீர்க்குழாயை வடிகட்டி வழியாய்த் தரைத்தொட்டிக்குத் திருப்புங்கள். இனிமேல் கட்டப்போகிறவர்களோ, வீடாயினும் சபை மண்டபமாயினும், அடிக்கல் நாட்டுமுன் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தோண்டும் மண் எங்கே போகும்? மாலை வெயில் எங்கே விழும்? மாடியில் பெய்யும் மழை எங்கே சேரும்?

உங்கள் வீட்டுக்கடன் ஒருநாள் அடைந்து தீரும். இக்கேள்விகளைக் கேளாமல் கட்டிய வீட்டின் செலவோ உங்கள் பிள்ளைகளையும் தொடரும். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்பொழுது திருத்த ஒரு பென்சில் போதும்.