காய்ச்சல் காலமும் இரத்தம் உறையாத குளிசையும்

இருதய வால்வு நோயாலோ பாரிசவாதத்தாலோ வாஃபரின் குளிசை எடுப்பவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. இன்புளுவென்சாக் காய்ச்சல் இவர்களுக்கு இரட்டைச் சுமை. வாய்க்குப் பிடிக்காமல் வெறுங்கஞ்சியோடு கிடந்தால், கீரையில் கிடைக்கும் விற்றமின் கே குறையும். அப்போது வழக்கமான குளிசையே கூடுதலாக வேலைசெய்து இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

ஆகவே, வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின், இபுபுரொபன் வாங்கிக் குடிக்காதீர்கள். பரசிற்றமோலை அளவோடு எடுங்கள். வாஃபரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காட்டி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முரசில் இரத்தம் கசிந்தாலோ மலம் கறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பூசி கிடைத்தால் வைத்தியரிடம் கேட்டுப் போடலாம். போட்ட இடத்தை இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். நெருக்கமாக வாழும் இடத்தில், இருமும்போது வாயை மூடுவதும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் அயலவருக்குச் செய்யும் அன்புப்பணியே.