நாற்று காத்திருக்கும், காய்ச்சல் காத்திருக்காது

2020 செப்டம்பர். புதுச்சேரியில் கொரோனா தொற்று உச்சத்தில் இருந்த மாதம். பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்கு போன் செய்தார். "சார், சம்பா நாற்றுக்கு 26 நாள் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை நடவுக்கு ஆள் சொல்லிட்டேன். ரெண்டு நாளா உடம்பு சுடுது. மாத்திரை போட்டுக்கிட்டு நடவை முடிச்சிட்டு அப்புறம் டெஸ்ட்டுக்குப் போகலாமா?"

முதலில் டெஸ்ட் எடுங்கள் என்றேன். நாற்று என்ன ஆகும் என்ற அவருடைய உண்மையான கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் நடவை முடித்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்குப் போனார். அடுத்த வாரம், நடவுக்கு வந்த 12 பெண்களில் 3 பேருக்குக் காய்ச்சல். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால், அந்த மூன்று பேருக்கும் நடவுப் பருவத்துக் கூலியில் பெரும்பகுதி போய்விட்டது.

தனிமைப்படுத்தும் விதியை விவசாயி மீறுவது அலட்சியத்தால் மட்டுமல்ல. பயிர் போய்விடும், மாடு பட்டினி கிடக்கும் என்ற பயத்தாலும்தான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், அது வயலுக்கு வந்து சேராது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே, அன்று நான் சொல்லத் தவறியதை இப்போது சொல்கிறேன்.

பயிர் விலகு தூரம் தெரிந்தவர்களுக்கு

விதைப்பண்ணை அமைத்தவர்களுக்குத் தனிமைப்படுத்துதல் புதிதல்ல. சான்று விதை உற்பத்தியில் நெல்லுக்குப் பயிர் விலகு தூரம் 3 மீட்டர். கம்பு ரகங்களுக்கு 200 மீட்டர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். கம்பின் மகரந்தமோ காற்றில் நெடுந்தூரம் போகும். எது பரவக்கூடாதோ, அது எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதுதான் தூரத்தை முடிவு செய்கிறது.

நாள் கணக்கும் அப்படித்தான். கிருமி உடம்புக்குள் நுழைந்து, நோய் வெளியே தெரியும் வரை ஓர் இடைவெளி உண்டு. கொரோனாவுக்கு அது அதிகபட்சம் 14 நாள் என்று கணக்கிட்டார்கள். தொற்றாளரோடு பழகியவரை 14 நாள் வீட்டிலிருக்கச் சொன்னது அதனால்தான். அவர் நோயாளி அல்ல. நோய் வருகிறதா என்று காத்திருப்பவர்.

தொற்று உறுதியானவருக்குக் கணக்கு வேறு. அவர் மற்றவருக்கு நோயைக் கொடுக்கக்கூடிய நாட்கள்தான் அங்கே அளவுகோல். 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விதியின்படி, அறிகுறி தொடங்கி 10 நாள் முடிந்திருக்க வேண்டும். கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக்கூடாது. அதன் பிறகும் 7 நாள் வீட்டிலிருந்து உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரியில் இந்த விதி மாறியது. தொற்று உறுதியாகி 7 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமை என்று குறைந்தது. நோயைப் பற்றிய அறிவு கூடக்கூட விதி மாறுவது இயல்பு. எனவே, பழைய விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளாமல், அந்தந்த நேரத்து விதியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையில் கற்ற பாடம்

ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாளே, 2020 மார்ச் 27 அன்று, வயல் வேலைக்கும் வேளாண் சந்தைகளுக்கும் மத்திய உள்துறை அமைச்சகம் விலக்கு அளித்தது. அது தேவையான விலக்கு. ஆனால், வயலில் தள்ளித் தள்ளி நிற்கும் மனிதர்கள் சந்தையில் நெருங்கி நிற்கிறார்கள். சென்னை கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவும் இடமாக மாறி, 2020 மே 5 அன்று மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே நம்மைச் சுற்றியுள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களுக்கும் தொற்று வந்தது.

புதுச்சேரியில் நேரு வீதி பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்குபவருக்கும் கடைக்காரருக்கும் சிரமம்தான். ஆனால், குறுகலான சந்துக்குள் நடந்த வியாபாரம் திறந்த வெளிக்கு வந்தது. சந்தையை மூடாமல் இடைவெளியைக் கூட்டுவது, பயிரை அழிக்காமல் விலகு தூரம் கொடுப்பது போல.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியின் கிராமங்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. வீடு ஒரு பக்கம், நிலம் மறுபக்கம் என்று இருப்பவர்கள், எல்லையை அடைத்தபோது திண்டாடினார்கள். உங்கள் நிலம் அப்படி இருந்தால் பட்டா, சிட்டா நகல், ஆதார் நகல் இரண்டையும் எப்போதும் கையில் வைத்திருங்கள்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால், வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்.

நெல் நாற்று: காத்திருக்கும். மத்திய கால ரகங்களுக்கு 25 முதல் 30 நாள் நாற்று சிறந்தது. ஒரு வாரம், பத்து நாள் தாமதமானால் பயிர் போய்விடாது. தூர் கட்டுவது குறையும். வயது கூடிய நாற்றை நடும்போது பலர் கொத்தாகச் சேர்த்து நடுகிறார்கள். அது தவறு, புதுத் தூர் வெடிப்பதைத் தடுக்கும். ரகத்துக்குரிய இடைவெளியிலேயே நடுங்கள். அடியுரமாக இடும் தழைச்சத்தை மட்டும் பாதி அளவு கூட்டுங்கள். ஏக்கருக்கு அடியுரமாக 20 கிலோ யூரியா இடுபவர் 30 கிலோ இடலாம். மேலுரம் வழக்கம்போல் போதும்.

மேலுரம், களையெடுப்பு: சில நாள் தள்ளிப்போடலாம். காய்ச்சலும் இருமலும் உள்ளவர் பூச்சி மருந்து தெளிக்கவே கூடாது.

பால் கறவை: ஒரு வேளைகூடக் காத்திருக்காது. கறக்காமல் விட்டால் மடிநோய் வரும். மாற்று ஆள் கட்டாயம் தேவை. மாடு பழகிய ஆளாக இருந்தால்தான் பால் இறக்கும்.

வெண்டை, கத்தரி: காத்திருக்காது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். பறிப்பை அடுத்த வீட்டுக்காரரிடம் பங்குக்கு விடலாம்.

முற்றிய நெற்கதிர்: அதிக நாள் விட்டால் மணி உதிரும். அறுவடை இயந்திரத்தை போனிலேயே பேசி அமர்த்தி, தொற்று இல்லாத உறவினர் ஒருவரை வயலில் நிற்க வையுங்கள்.

மாட்டுக் கொட்டகைக்கும் இதே கணக்கு

மதகடிப்பட்டு சந்தையில் மாடு வாங்கி வந்து அன்று மாலையே பழைய மாடுகளோடு கட்டுகிறோம். மனிதர்களுக்கு 14 நாள் என்று சொன்ன அதே காரணம் மாட்டுக்கும் பொருந்தும். நோய் வெளிப்படும் காலமாக உலக விலங்கு நல அமைப்பு வகுத்துள்ள அளவு, கோமாரிக்கு 14 நாள், ஆட்டுக்கொல்லி நோய்க்கு 21 நாள், தோல் கழலை நோய்க்கு 28 நாள். எனவே, புதிய மாட்டை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தீவனக் கூடையும் தனியாக இருக்கட்டும். பழைய மாடுகளைக் கறந்து முடித்த பிறகே புதிய மாட்டிடம் போங்கள்.

தோல் கழலை நோயை ஈ, கொசுவும் பரப்பும் என்பதால் தூரம் மட்டும் போதாது; கொசுவலையோ மூட்டமோ வேண்டும். கொப்புளம், கட்டி, காய்ச்சல் கண்டால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொற்று நோயைத் தெரிவிப்பதும், நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுவதும் உரிமையாளரின் கடமை.

இன்றே செய்ய வேண்டியது

ஒரு தாளில் மூன்று பெயர்கள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் படுத்தால் மாடு கறப்பவர் யார், தண்ணீர் பாய்ச்சுபவர் யார், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் யார்? மூவரும் உங்கள் வீட்டில் வசிக்காதவர்களாக இருக்க வேண்டும். ஏனென்றால், உங்களுக்குத் தொற்று என்றால் வீட்டாரும் வெளியே போக முடியாது. அவர்கள் படுத்தால் நீங்கள் போவீர்கள் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உழவர் உதவியகங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சல் என்று ஒரு விவசாயி போன் செய்தால், டெஸ்ட் எடுங்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். நாற்றுக்கு எத்தனை நாள், எத்தனை மாடு, கறக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். நாற்று காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டால், அவரே வீட்டில் இருந்துகொள்வார்.