செஞ்சியில் விடுதி, இணையத்தில் முகவரி: டொமைன் உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பது?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 இடம்பெற்றன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். அங்குள்ள ராஜகிரி மலையில் ஏற நினைக்கும் வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகா விடுதி தேடுவார்? கிளம்பும் முன்பே போனில் தேடிவிடுவார். அந்தத் தேடலில் செஞ்சியின் சிறிய விடுதிகளும் உணவகங்களும் வழிகாட்டிகளும் தங்கள் சொந்தப் பெயரில் தெரிய வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. எளிய பக்கங்களை இலவசமாக ஏற்றித்தரும் கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இருக்கின்றன. ‘டாட் இன்’ என்று முடியும் டொமைன் பெயர் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் பெயரும் வாங்கலாம்.

பெயரை விற்பவர் ஒருவர், பக்கத்தை ஏற்றி வைப்பவர் இன்னொருவர் என்பதால்தான் பலரும் இங்கே குழம்புகிறார்கள். இரண்டையும் இணைப்பது டிஎன்எஸ் என்ற பெயர்ப்பதிவேடு. அதில் ‘ஏ ரெக்கார்டு’ பெயரை ஒரு சர்வரின் எண்ணுக்கு அனுப்பும். ‘சிநேம்’ ரெக்கார்டு இன்னொரு பெயருக்கு அனுப்பும். பதிவேட்டில் இப்படி எழுதி, பக்கத்தை ஏற்றி வைக்கும் ஹோஸ்டிங் சேவையிலும் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் தளம் திறந்துவிடும். ஆனால் அந்தப் பெயர் உங்களுடையது என்பது அதனால் மட்டும் உறுதியாகிவிடாது. ஹோஸ்டிங் சேவையின் அமைப்புப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் தட்டச்சு செய்யலாம் அல்லவா?

அதனால்தான் கிட்ஹப் போன்ற சேவைகள் ஒரு சோதனை வைத்திருக்கின்றன. நிலம் உன்னுடையது என்றால், நான் தரும் கல்லை அதற்குள் நட்டுக் காட்டு என்பது போன்ற சோதனை இது. சேவை உங்களுக்கு ஒரு தனிக் குறியீட்டைத் தரும். அதை உங்கள் டிஎன்எஸ் பதிவேட்டில், ‘டெக்ஸ்ட்’ ரெக்கார்டாக, அவர்கள் சொல்லும் பெயரில் சேர்க்க வேண்டும். பிறகு ‘வெரிஃபை’ பொத்தானை அழுத்தினால், சேவை பதிவேட்டைப் படித்துப் பார்க்கும். குறியீடு பொருந்தினால் அந்த டொமைன் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டுவிடும். வேறு கணக்கில் இருப்பவர் அதைத் தன் பக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது. பதிவேட்டைத் திருத்தும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் குறியீட்டைச் சேர்க்க முடியும் என்பதே இதன் அடிப்படை.

அந்த அடிப்படையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சோதனை கட்டுப்பாட்டைத்தான் பார்க்கிறது, உரிமையாளரை அல்ல. தளம் அமைத்துத் தருபவர் தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் டொமைனை வாங்கியிருந்தால், கணினியின் கண்ணுக்கு அவர்தான் சொந்தக்காரர். பணம் நீங்கள் கொடுத்ததற்கான ரசீது அங்கே செல்லாது. எனவே டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதியுங்கள். தளத்தை யார் வேண்டுமானாலும் செய்து கொடுக்கட்டும்.

ஆளையே சரிபார்க்கும் ஏற்பாடும் உண்டு. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாதவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது. விடுதிக்கு அப்படியொரு காவல் இல்லை. தன் பெயரைத் தானே காக்க வேண்டும்.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? தளத்தை மூடிவிட்டு டிஎன்எஸ் ரெக்கார்டை மட்டும் அழிக்காமல் விட்டால், அந்தப் பெயர் ஆளில்லாத இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரிலேயே சூதாட்டப் பக்கமோ போலிக் கட்டணப் பக்கமோ ஏற்றலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் துணைப் பெயர்கள்கூட இப்படிக் கைவிடப்பட்ட ரெக்கார்டுகள் வழியாகத்தான் மோசடிக்காரர்களிடம் சிக்கின. 2025-ல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான இன்ஃபோபிளாக்ஸ் இதை வெளிப்படுத்தியது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே இப்படி நேரும்போது, சிறு விடுதியில் இதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

சரிபார்ப்புக்கான டெக்ஸ்ட் ரெக்கார்டைச் சேர்க்கும்போது பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்தான். பல டிஎன்எஸ் பக்கங்கள், பெயர்க் கட்டத்தில் நீங்கள் எழுதுவதற்குப் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயரையும் நகலெடுத்து ஒட்டினால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும், சோதனை தோற்கும். முன்பகுதியை மட்டும் எழுதிப் பாருங்கள். தமிழ்ப் பெயர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிஎன்எஸ் அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவில்தான் வைத்திருக்கும், சில சேவைகள் அந்த வடிவத்தையே கேட்கும். மாற்றம் உடனேயும் பரவலாம், 24 மணி நேரமும் ஆகலாம். அதற்குள் பதறிப்போய் ரெக்கார்டை அழித்து அழித்து எழுதினால் குழப்பம்தான் கூடும்.

சோதனையில் வென்ற பிறகும் அந்த டெக்ஸ்ட் ரெக்கார்டை அழிக்காதீர்கள். அது இருக்கும்வரைதான் சரிபார்ப்பும் நிலைக்கும். ஏதோ ஒரு நாள் தளத்தை மூட நேர்ந்தால், முதலில் ‘ஏ’, ‘சிநேம்’ ரெக்கார்டுகளை நீக்குங்கள். பக்கத்தை அதன் பிறகு அழிக்கலாம்.