பதினைந்தாயிரம் ரூபாய் போனும் அறுபதாயிரம் ரூபாய் கருவியும்

2021 ஆகஸ்ட் மாதம் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள், அரசு தங்களுக்குக் கொடுத்திருந்த ஸ்மார்ட்போன்களை அரசு அலுவலகங்களுக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். சங்கங்கள் அழைப்பு விடுத்து நடத்திய போராட்டம் அது. குழந்தைகளின் எடை, உயரம், வருகை, கர்ப்பிணிகளுக்கு வழங்கிய சத்துணவு என்று நோட்டில் எழுதி வந்த எல்லாவற்றையும் போனில் ஏற்ற வேண்டும் என்பது, 2018 மார்ச்சில் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்து இயக்கத்தின் ஏற்பாடு. அதற்காகக் கடையில் கிடைக்கும் சாதாரண ரகப் போன்கள் மொத்தமாக வாங்கப்பட்டன. அவற்றின் ராம் 2 ஜிபி. 2021-ல் பழைய செயலி போய், ‘போஷண் டிராக்கர்’ என்ற புதிய செயலி வந்தது. அந்தச் சுமையைப் போன் தாங்கவில்லை. சூடாகிறது, பாதியில் நின்றுவிடுகிறது, வாரண்டி முடிந்துவிட்டது, பழுது பார்க்கும் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பதே ஊழியர்களின் புகார். வாங்கிய அன்று அந்தப் போன் மலிவுதான். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது என்ன விலைக்கு வந்து நின்றது என்று கொள்முதல் கோப்பில் தேடினால் கிடைக்காது. செலவில் ஒரு பங்கு ஊழியர்களின் கைக்காசாகவும் நேரமாகவும் போயிருக்கிறது. அதற்குக் கோப்பில் இடமே இல்லை.

அலுவலகமோ, கிடங்கோ, அரசுத் துறையோ தன் ஊழியர் கையில் கருவி ஒன்றைக் கொடுக்க நினைக்கும்போது இரண்டு வழிகள் எதிரே நிற்கின்றன. ஒன்று, அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட கருவி: பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின், ரேஷன் கடையின் பில் போடும் மெஷின், கிடங்கில் பார்கோடு படிக்கும் கைக்கருவி. இன்னொன்று, நம் எல்லோரிடமும் இருக்கிற போனையோ டேப்லெட்டையோ வாங்கி, அதில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுப்பது. முதலாவது மூன்று நான்கு மடங்கு விலை இருக்கலாம். விலையை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனால் வாங்கும் விலையோடு பழுது, பேட்டரி, மென்பொருள், பயிற்சி, கருவி நின்றுபோன நேரத்தின் இழப்பு, கடைசியில் அதைக் கழித்துக்கட்டும் செலவு வரை சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கணினி உலகில் 1987-லேயே சொல்லப்பட்டுவிட்டது. கார்ட்னர் நிறுவனத்தின் பில் கிர்வின் அதற்கு ‘மொத்த உரிமைச் செலவு’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். நமக்கு இது புதிய யோசனை அல்ல. வீட்டுக்கு மோட்டார் வாங்குகிறவர் கரண்ட் பில்லையும், காயில் கட்டும் கூலியையும் நினைத்துத்தான் எந்த மோட்டார் என்று முடிவு செய்கிறார். அந்தக் கணக்கை அலுவலகக் கருவிக்குப் போட்டால் விடை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. அந்தக் கருவி ஒரு நாளில் எத்தனை தடவை கையில் எடுக்கப்படுகிறது என்பதுதான் முதலில் விடையைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கிடங்கு ஒன்றில் பெட்டிகளின் பார்கோடைப் படிக்க வேண்டும். கைக்கருவி ரூ.60,000, ஆறு ஆண்டு உழைக்கும், இடையில் இரண்டு முறை தலா ரூ.4,000-க்குப் பேட்டரி மாற்ற வேண்டும். மொத்தம் ரூ.68,000. போன் ரூ.15,000, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆறு ஆண்டுக்கு ரூ.45,000. இதுவரை போன்தான் மலிவு. இப்போது வேலையைக் கவனியுங்கள். கைக்கருவியில் பொத்தானை அமுக்கினால் ஒளிக்கற்றை விழுகிறது, கோடு படிக்கப்படுகிறது, ஒரு கை போதும். போனில் கேமரா திறந்து, குவிந்து, மங்கலான வெளிச்சத்தில் தடுமாறி, சில நேரம் இரண்டாம் முறையும் காட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி கூடுதல் என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 167 மணி நேரம். மணிக்கு ரூ.80 கூலி என்று பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் ரூ.13,300, ஆறு ஆண்டுக்கு ரூ.80,000. போனின் உண்மைச் செலவு ரூ.1,25,000 ஆகிவிடுகிறது. அதே கிடங்கில் நாளைக்கு ஐம்பது பெட்டிதான் என்றால், கூடுதல் நேரத்தின் விலை ஆறு ஆண்டுக்கு வெறும் ரூ.4,000. அப்போது போனே மலிவு. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் தராசு திரும்பும் இடம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 290 பெட்டி. உங்கள் கிடங்கில் கூலி வேறு, கருவி விலை வேறு, ஆகவே திரும்பும் இடமும் வேறாக இருக்கும். ஆனால் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆர்டர் போடுவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான்.

இந்தக் கணக்குக்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஊழியருக்கு மாதச் சம்பளம்தானே கொடுக்கிறோம். இரண்டு விநாடி மிச்சமானால் சம்பளம் குறையப்போகிறதா, கூடினால் சம்பளம் ஏறப்போகிறதா என்று முதலாளி கேட்கலாம். விநாடி விநாடியாகப் பணம் கையை விட்டுப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாளுக்கு அரை மணி நேரம் ஒரு ஆளுக்கு என்றால், பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அது ஏறத்தாழ ஒரு முழு ஆளின் வேலை நேரம். அது ஓவர்டைமாக வரும். அல்லது சாயங்காலம் கிளம்ப வேண்டிய லாரி தாமதமாகக் கிளம்பும். அல்லது அதே சம்பளத்தில் ஊழியர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். மூன்றாவது வகையில்தான் இங்கே பெரும்பாலும் ஈடுகட்டப்படுகிறது என்று நினைக்கிறேன். மனித உழைப்பு மலிவாக இருக்கும் நாட்டில் மெதுவான கருவியின் விலை வெளியே தெரிவதில்லை. ரேஷன் கடையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 34,000-க்கு மேற்பட்ட ரேஷன் கடைகள், 2 கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால், வரிசையில் நிற்கும் முதியவரின் நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் பற்று எழுதப்படுவதில்லை.

பேட்டரியின் கதை தனி. பெரும்பாலான போன்களில் பேட்டரி உள்ளே ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. ஐநூறு முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பது நெடுநாள் வழக்கத்தில் இருந்த அளவு; ஐபோன் 15-லிருந்துதான் ஆப்பிள் அதை ஆயிரம் சுற்று என்று உயர்த்தியது. வீட்டில் போனை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஷிப்ட் முழுவதும் திரையும் கேமராவும் ஓடினால் நாளுக்கு ஒரு முழுச் சார்ஜ் தீரும். 300 வேலை நாளில் 300 சுற்று. இரண்டு ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரே ஆண்டில் 600. வேலைக்கென்று செய்த கருவிகள் பலவற்றில் பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏறிய இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். கீழே விழுவது, தூசி, மழை ஆகியவற்றையும் இதே வழியில்தான் பார்க்க வேண்டும். ஐபி67 என்று ஒரு கருவியில் போட்டிருந்தால், தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்று நல்ல விலைப் போன்களிலும் அந்தக் குறி இருக்கிறது. ஆகவே உறுதி என்பது முன்போல ஒரு தரப்பின் தனிச் சொத்து அல்ல. பேட்டரியை மாற்ற முடிவதும், உதிரிபாகம் கிடைப்பதும்தான் இன்னும் பெரிய வித்தியாசம்.

இனி மறுதரப்பின் வலுவான வாதம். சிறப்புக் கருவி நீண்ட நாள் உழைக்கும் என்பது உடலுக்குச் சரி, உயிருக்குச் சரியா? உலகமெங்கும் கிடங்குகளில் ஓடிய கைக்கருவிகளில் ஏராளமானவை மைக்ரோசாஃப்டின் கைக்கருவி விண்டோஸில் ஓடின. அதன் கடைசிப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. திரை நன்றாக இருந்தது, பொத்தான்கள் நன்றாக இருந்தன. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. அவற்றுக்கென்று எழுதிய செயலிகளை ஆண்ட்ராய்டுக்காக மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் இருந்ததில்லை. நம் நாட்டில் ஆதார் கைரேகைக் கருவிகளுக்கும் இப்படியொன்று நடந்தது. எல்0 என்ற பழைய வகையிலிருந்து பாதுகாப்பு கூடிய எல்1 வகைக்கு மாற வேண்டும் என்று ஆதார் ஆணையம் விதித்தபோது, போனோடு தனியாக இணைக்கும் ரேகைக் கருவி வைத்திருந்தவர் அதை மட்டும் மாற்றினால் போதும். ரேகைக் கண்ணாடி உள்ளேயே பொதிந்த மெஷின் வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பது பலம். விதி மாறும் நாளில் அதுவே சுமை.

நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத்தின் இசிஐஎல்லும் தயாரிக்கும் அந்தக் கருவிக்குத் தேர்தல் ஆணையம் வகுத்த ஆயுள் 15 ஆண்டு. இந்தப் பதினைந்து ஆண்டு எப்படிச் சாத்தியமாகிறது? அதன் வேலை மாறுவதில்லை. அது எந்த வலைப்பின்னலிலும் இணைவதில்லை. வேறொரு நிறுவனத்தின் இயங்குதளத்தை அது நம்பியில்லை. வேலைக்கென்று செய்த கருவி தன் விலைக்கு நியாயம் செய்ய இந்த நிபந்தனைகள் வேண்டும். வேலை அடிக்கடி மாறுகிறது, வெளியார் மென்பொருளில் தொங்குகிறது என்றால், பத்து ஆண்டு உழைக்கும் உடலை வாங்கி ஐந்தாம் ஆண்டில் மூலையில் வைக்க நேரும். ஆகவே, கருவியின் உடல் ஆயுள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் காலம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஆயுள் என்று கணக்கில் எழுத வேண்டும்.

எப்போதாவது மட்டும் நடக்கும் வேலைக்குச் சிறப்புக் கருவி எவ்வளவு கைசுடும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கென்று தனிக் கைக்கருவி செய்ய, 2006-ல் ஹாரிஸ் நிறுவனத்துடன் ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. வேலை இழுத்தது, தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. 2008 ஏப்ரலில் அரசு கையை விரித்தது: கருவியை முகவரி சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவோம், பதில் அனுப்பாத வீடுகளுக்குக் காகிதப் படிவத்தோடே போவோம். இதனால் கூடுதல் செலவு 300 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அடுத்த சுற்றில், 2020-ல், ஐபோன்களை வாடகை போன்ற ஒரு ஏற்பாட்டில் எடுத்து வேலையை முடித்தார்கள். இந்தியாவும் ஏறக்குறைய அதே பாதையில்தான் வந்திருக்கிறது. 2011-ல் சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சுமார் 6.4 லட்சம் டேப்லெட்டுகளைச் செய்து கொடுத்தது. 2027 கணக்கெடுப்பிலோ, சுமார் 30 லட்சம் களப்பணியாளர்கள் மொபைல் செயலியில் விவரம் சேகரிக்க வேண்டும், அதுவும் தங்கள் சொந்தப் போனில். சில வாரங்களுக்கான வேலை. அதற்காக லட்சக்கணக்கில் கருவி வாங்கிக் குவிப்பதில் அர்த்தம் இல்லை. இந்த முடிவு சரி. ஆனால் சொந்தப் போனின் தேய்மானமும் டேட்டாவும் பணியாளருடைய செலவு. மதிப்பூதியம் அதைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் இதுவும் அங்கன்வாடியில் நடந்ததன் இன்னொரு வடிவம் ஆகிவிடும்.

போன்கள் இப்போது மேம்பட்டுவிட்டனவே என்று கேட்கலாம். ஆம். 2023-ல் கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-ல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் அறிவித்தன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு இயங்குதள அப்டேட், ஏழு ஆண்டு உதிரிபாகம், 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவுள்ள பேட்டரி என்று விதி வந்திருக்கிறது. இந்த விதிகள் இங்கே பொருந்தாது; ஏழு ஆண்டு வாக்குறுதி தரும் போன்கள் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதும் இல்லை. விலை ஏற ஏற அது சிறப்புக் கருவியின் விலையை நெருங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது என்பதை ஏற்கலாம். மலிவான போனுக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது.

இங்கே அரசுக் கொள்முதலில் பெரும்பாலும் தீர்ப்பு சொல்வது எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த விலையின் குறைவு என்பதை டெண்டர் எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். ஒரு கருவியின் விலை என்று கேட்காமல் ஐந்து ஆண்டு ஓட்டச் செலவு என்று கேட்டால், குறைந்த விலைக்காரரே வேறொருவராக இருக்கலாம். பேட்டரி எத்தனை முறை மாற்றித் தரப்படும், பழுதான கருவிக்குப் பதில் எத்தனை நாளில் வரும், பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை, செயலி மாறினால் ராம் போதுமா, ரிப்பேர் செலவு யாருடையது என்பவை ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கும் இதே வேண்டுகோள்தான். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கருவியை நாள் முழுக்கக் கையில் பிடிக்கப்போகும் ஊழியர்களில் இரண்டு பேரையாவது, விலை முடிவாகும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நாளைக்கு எத்தனை தடவை என்ற எண் அவர்களிடம்தான் இருக்கிறது.