காதைக் குடையும் 'பீப்' ஒலி: வாயை அடைக்கும் முன் காது கொடுங்கள்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவில் சத்தத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மூட்டை இறக்குவோரின் கூவல், தள்ளுவண்டிகளின் கடகடப்பு, தோவாளைப் பூவுக்கு விலை சொல்லும் குரல், ஆட்டோக்களின் ஹாரன் எல்லாம் கலந்துதான் அங்கே பொழுது விடிகிறது. நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளி ஆரியசாலை தேவி கோயிலில் தங்கும் நாட்களில் மேளச் சத்தமும் சேர்ந்து கொள்ளும். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் பழகிப்போன காது, ஒரு சின்னஞ்சிறு ஒலிக்கு மட்டும் பழக மறுக்கிறது. கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் எழுப்பும் 'பீப்' ஒலிதான் அது.

"என்னடே, பெட்டி காலையிலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்கு?" என்று முதலாளி கேட்பார். "நேத்து ராத்திரி அப்டேட் ஆச்சு அண்ணாச்சி, அதிலேர்ந்து இப்படித்தான்" என்பார் கணக்கு எழுதுபவர். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மொத்த வியாபாரக் கடைகளில் இந்த உரையாடல் புதிதல்ல. 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு-சேவை வரி அமலுக்கு வந்த பிறகு, கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்காமல் எந்தக் கடையும் காலம் தள்ள முடியாது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக் கொண்டது. அதனால் மாற்றமும் புதுப்பிப்பும் மேலும் கூடின. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். நேற்று வரை வாய் மூடிக் கிடந்த பெட்டி இன்று வாய் திறப்பதும் அவற்றுள் ஒன்று.

இது சில்லறை விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் பத்து மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு அது சில்லறை விஷயம் அல்ல. எண்களைக் கூட்டும்போது இடையில் விழும் ஒரு 'பீப்', கணக்கைத் தவறவிடப் போதுமானது. நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் ஒற்றை அறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இரவில் கணக்கியல் பயிலும் இளைஞருக்கோ, அது அறைத் தோழர்களின் தூக்கத்தையும் நட்பையும் கெடுக்கும் ஒலி. எனவே அதை அடக்க நினைப்பது நியாயமே. எந்த ஒலியை அடக்குவது, எதை அடக்காமல் விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மணியின் வழிவந்த ஒலி

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயின்றவர்களுக்கு அந்தச் சிறு மணி நினைவிருக்கும். வரி முடியப் போகிறது என்பதை டைப்ரைட்டர் 'டிங்' என்று அடித்துச் சொல்லும். தந்தி அலுவலகங்களில் ஓடிய டெலிபிரிண்டரிலும் ஒரு மணி உண்டு. செய்தி வருகிறது, எதிர்முனையில் இருப்பவர் கவனிக்க வேண்டும் என்பதற்காக அனுப்புகிறவர் இங்கிருந்தே அங்கே மணி அடிக்கலாம்.

அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு 'ஆஸ்கி' என்ற எழுத்துக் குறியீட்டு முறை வகுக்கப்பட்டபோது, இந்த மணிக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டது. அந்த எண் 7. திரையில் எந்த எழுத்தாகவும் தோன்றாமல், ஒலியை மட்டும் எழுப்பும் குறி அது. டெலிபிரிண்டர்கள் மறைந்துவிட்டன. ஆனால் அந்த ஏழாம் எண் இன்னும் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது. கட்டளைத் திரையில் தவறான விசையைத் தட்டினால் எழும் 'பீப்' இந்த மணியின் வாரிசே.

பெட்டிக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர்

1981 ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பெட்டிக்குள் இரண்டேகால் அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தியிருந்தது. பாட்டுக் கேட்பதற்காக வைத்ததல்ல அது. நொடிக்குச் சுமார் 11 லட்சத்து 93 ஆயிரம் துடிப்புகளைப் பெறும் ஒரு காலங்காட்டிச் சில்லு உள்ளே இருந்தது. அந்தத் துடிப்புகளை எந்த எண்ணால் வகுக்கிறோமோ, அதற்கேற்ற சுருதியில் ஸ்பீக்கர் ஒலிக்கும். 1193-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் அதிர்வுகள் கிடைக்கும். காதைக் குத்தும் அந்தக் கூர்மை இப்படித்தான் பிறக்கிறது.

இந்த ஸ்பீக்கருக்கும், பாட்டுக் கேட்க உதவும் ஸ்பீக்கருக்கும் தொடர்பில்லை. பழைய பெட்டிகளில் திரையின் ஓரத்தில் ஒலியைக் குறைத்தாலும் 'பீப்' குறையாமல் இருந்தது இதனால்தான். பிற்காலத்து மடிக்கணினிகளில் தனி ஸ்பீக்கர் இல்லை. அதே 'பீப்' ஒலி அட்டை வழியாக வருகிறது.

புதுப்பித்த பின் ஏன் திரும்புகிறது?

இதற்குக் காரணங்கள் பல. முன்பு யாரோ ஒருவர் தற்காலிகமாக அடக்கி வைத்திருக்கலாம். மறுபடி கம்ப்யூட்டரை இயக்கியதும் அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அல்லது, மென்பொருளுக்குச் சொந்தமான கோப்பிலேயே மாற்றம் செய்திருக்கலாம். புதுப்பிப்பு வந்து அந்தக் கோப்பின் மேல் புதியதை எழுதிவிடும். ஒலி அட்டையை இயக்கும் நிரல் மாறும்போது, ஊமையாக்கி வைத்திருந்த 'பீப்' வாய்க்கால் மீண்டும் திறக்கலாம். கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான 'பயாஸ்' புதுப்பிக்கப்பட்டால், அதிலுள்ள அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே போய்விடுவதும் உண்டு. ஆகவே ஒலி திரும்பியதாலேயே கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

'பீப்' கேட்டவுடன் கம்ப்யூட்டர் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் கல்லா மேசையில் 'பீப்' போடத் தெரிந்தவை பல. யு.பி.எஸ். ஒன்று, பில் அச்சிடும் சிறு பிரிண்டர் ஒன்று, பட்டைக் கோடு படிக்கும் கருவி ஒன்று. கரண்ட் போனதும் யு.பி.எஸ். விட்டு விட்டு ஒலிக்கும். பேட்டரி தீரும் தறுவாயில் வேகமாக ஒலிக்கும். கரண்ட் இருக்கும்போதே அது ஒலித்துக் கொண்டிருந்தால், பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது என்றோ, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறிவிட்டது என்றோ பொருள் கொள்ளலாம். காகிதச் சுருள் தீர்ந்தால் பல பில் பிரிண்டர்கள் குரல் கொடுக்கும்.

விசைப்பலகையையும் பார்க்க வேண்டும். பேரேட்டை விசைப்பலகையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவது நம் ஊர்ப் பழக்கம். ஏதாவது ஒரு விசை அழுந்தியபடியே இருந்தால், பழைய கம்ப்யூட்டர்களில் தட்டல்களைச் சேமிக்கும் இடம் நிரம்பி, 'பீப்' மழை பொழியும். பதினைந்து தட்டல்கள்தான் அதன் கொள்ளளவு.

இன்னொன்று, எண்களையே நாள் முழுதும் அடிக்கும் கணக்கர்களுக்குரியது. விண்டோஸில் 'நம் லாக்' விசையை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால், 'டாகிள் கீஸ்' என்ற வசதியை இயக்கட்டுமா என்று அது கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிட்டால், அதன் பிறகு நம் லாக், கேப்ஸ் லாக் தொடும்போதெல்லாம் ஒலி எழும். கண் பார்வை குறைந்தவர்களுக்காக ஏற்பட்ட நல்ல வசதி இது. தேவையில்லாதவர்கள் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆக்ஸஸிபிலிட்டி', அதில் 'கீபோர்டு' என்று சென்று அணைத்துவிடலாம். இதற்காக மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்தவர்களும் உண்டு.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள்

விண்டோஸ் 7 முதல், இந்த எச்சரிக்கை ஒலி வழக்கமான ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. எனவே 'கண்ட்ரோல் பேனல்' திறந்து, 'சவுண்ட்' என்பதில் 'சவுண்ட்ஸ்' பிரிவுக்குப் போய், 'நோ சவுண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை' கொடுத்தால் பெரும்பாலும் போதும். அப்போதும் அடங்காவிட்டால், 'பீப்' என்ற பெயரிலேயே உள்ள இயக்கி நிரலை முடக்கலாம். நிர்வாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து, 'எஸ்.சி. கான்ஃபிக் பீப் ஸ்டார்ட்= டிஸேபிள்டு' என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி அவசியம். பிறகு கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்து இயக்க வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

கேரளத்தில் லினக்ஸ் அந்நியமானதல்ல. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கியது இதே திருவனந்தபுரத்தில்தான். அரசுப் பள்ளிகளுக்காகக் 'கைட்' நிறுவனம் வழங்கும் லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. சாலைக் கடைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் பலருக்கு அப்பாவை விட இது நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்பதில் வெட்கமில்லை.

லினக்ஸில் இந்தக் குட்டி ஸ்பீக்கரை இயக்கும் நிரல் துண்டின் பெயர் ஆறெழுத்து: பி, சி, எஸ், பி, கே, ஆர். உபுண்டு தன் தடைப் பட்டியலில் நெடுங்காலமாகவே இதைச் சேர்த்து வைத்திருக்கிறது. டெபியன் போன்றவற்றில் நாமே சேர்க்க வேண்டும். முதலில் 'சூடோ ஆர்.எம்.மாட்' என்ற கட்டளையுடன் இந்த ஆறெழுத்தைச் சேர்த்து அடியுங்கள். ஒலி நின்றுவிட்டால் குற்றவாளி இதுவே என்பது உறுதி. ஆனால் இது அன்றைக்கு மட்டும். நிரந்தரமாக நிறுத்த, 'ஈ.டி.சி.' அடைவில் 'மாட்ப்ரோப்.டி' என்ற உள்ளடைவில், உங்கள் சொந்தப் பெயரில் ஒரு புதிய கோப்பை உண்டாக்கி, 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லையும் ஆறெழுத்தையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். கோப்பின் பெயர் 'கான்ஃப்' என்று முடிய வேண்டும். இல்லையேல் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. சொந்தக் கோப்பில் எழுதியது, அடுத்த புதுப்பிப்பில் அழியாது என்பதே இதன் நன்மை.

அப்போதும் ஒலித்தால், அது ஒலி அட்டை வழியே வருவதாக இருக்கலாம். 'அல்சாமிக்சர்' என்ற கட்டளையைக் கொடுத்து, 'பீப்' என்ற தூணுக்கு நகர்ந்து, 'எம்' விசையைத் தட்டினால் ஊமையாகும்.

அடக்கக் கூடாத ஒலிகள்

இனி முக்கியமான விஷயம். மேலே சொன்ன வழிகளெல்லாம் விண்டோஸ் அல்லது லினக்ஸ் இயங்கத் தொடங்கிய பிறகு எழும் ஒலியை மட்டுமே அடக்குகின்றன. சுவிட்சைப் போட்டவுடன், அவை விழிக்கும் முன்பே, கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக் கொள்கிறது. திரை இயங்காத நிலையில் தன் நோயைச் சொல்ல அதற்கு உள்ள ஒரே வாய் அந்தக் குட்டி ஸ்பீக்கர். ஐ.பி.எம்., அவார்டு வகைகளில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் வந்தால் திரைக்கான அட்டையில் கோளாறு என்று அர்த்தம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்தக் கணக்கு வேறுபடும். கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அவசர வைத்தியர்கள் செய்வது வேறு. பெட்டியைத் திறந்து ஸ்பீக்கரின் கம்பியை உருவி விடுகிறார்கள். சத்தம் நிற்கிறது, கூடவே சோதனை ஒலியும் நின்றுவிடுகிறது. மின்விசிறி நின்றுபோனாலோ உள்ளே சூடு ஏறினாலோ சில கம்ப்யூட்டர்கள் அதே ஸ்பீக்கர் வழியாகத்தான் அபயக்குரல் கொடுக்கின்றன. அரிசித் தவிடும் மிளகாய்த் தூளும் காற்றிலேயே மிதக்கும் கடைத்தெருவில் மின்விசிறி அடைத்துக் கொள்வது அரிதல்ல. யு.பி.எஸ். ஒலியை அடக்கினாலும் இதே கதைதான். பேட்டரி தீர்ந்தது தெரியாமல் கம்ப்யூட்டர் திடீரென்று நின்று, அன்றைய பில்களின் பதிவு சேதமானால், முதலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கரே.

ஓயாத எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததற்குச் சமம் என்பதை மருத்துவமனைகள் விலை கொடுத்துக் கற்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ஆம் ஆண்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, கருவிகளின் எச்சரிக்கை ஒலி தொடர்பான 98 நிகழ்வுகள் அதன் பார்வைக்கு வந்தன; அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன. ஓயாமல் கத்தும் கருவிகளுக்குக் காது மரத்துப் போவதும், தொல்லை தாங்காமல் ஒலியை அணைத்து வைப்பதும் காரணங்களில் அடங்கும். கடையில் உயிர் போவதில்லை. ஆனால் பாடம் ஒன்றே.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துப் பாருங்கள். பொருளற்ற ஒலியை மென்பொருள் வழியாக மட்டும் அடக்குங்கள். கம்பியில் கை வைக்க விடாதீர்கள். சுவிட்ச் போட்டதும் எழும் ஒலியையும், யு.பி.எஸ். ஒலியையும் விட்டுவையுங்கள். என்ன மாற்றம் செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம் என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அடுத்த புதுப்பிப்பு வந்து ஒலி திரும்பினால், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் பொங்கல் விடுமுறையில் அந்த நாற்காலியில் உட்காரும் புதுப் பையனுக்கும் அந்தத் தாள் உதவும்.